வாய் திறக்காத பழம்

அத்தியாயம் 11

டெஸ்ரினுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் தூக்கம் போய்விடும். பசி மட்டும் இரண்டு மடங்காகும். செவ்வாய்க்கிழமை காலை சுட்ட சீமைப்பலாவை மூன்று ஆள் அளவுக்குச் சாப்பிட்டுவிட்டு, ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, தொழிற்சாலை வாசலில் வந்து நின்றாள்.

முந்தின நாள் வந்த செய்தி அப்படி. டெஸ்ரினின் புகுந்த வீடான பின்னாக் குடும்பம் டின்னில் அடைத்து அனுப்பும் அக்கீப் பழத்தில் விஷம் அளவுக்கு மேல் இருக்கிறது என்று ஆய்வுக்கூடம் சொல்லிவிட்டது.

அக்கீ விஷயத்தில் கிளாரண்டன் மலையில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த சட்டம் ஒன்று உண்டு. பழம் மரத்திலேயே, தானாக, வாய் திறக்க வேண்டும். சிவப்புத் தோல் பிளந்து மஞ்சள் சதையும் கறுப்பு விதையும் வெளியே தெரிய வேண்டும். அதற்கு முன்னால் கைவைத்தால் அது பழம் இல்லை, விஷம். வேகவைத்தாலும் போகாது, டின்னில் அடைத்தாலும் போகாது. அதனால்தான் இந்தப் பக்கத்தில் ஒருவர் வீட்டு அக்கீயை இன்னொருவர் லேசில் தொடமாட்டார். சிரித்த முகத்தோடு தட்டை நீட்டினாலும், "எந்த மரம்? யார் பறிச்சது?" என்று கேட்டுவிட்டுத்தான் கரண்டியை எடுப்பார்.

கெட்டுப்போனது போன வாரச் சரக்கு. செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாள் அடைத்த டின்களை ஒரே தொகுப்பாகக் கட்டியிருந்தார்கள். மூன்றிலிருந்தும் எடுத்துக் கலந்து சோதித்ததால், எந்த நாள் டின்னில் வினை இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

யாருக்கும் தெரியாவிட்டால் என்ன, டெஸ்ரினுக்குத் தெரியும். புதன்கிழமை.

அன்றைக்குத்தான் பழம் பிரிக்கும் பெண்களில் சிலரைக் கூட்டிக்கொண்டு, உணவைத் தொடுகிறவர்களுக்கான சுகாதார அட்டையைப் புதுப்பிக்க அவள் ஊருக்குள் போயிருந்தாள். அன்றைக்கு வாசலில் நின்று லாரிக்காரர்களிடம் பழம் வாங்கியவள் மார்வா. டெஸ்ரினின் நாத்தனார். டொராண்டோவில் பத்து வருஷம் இருந்துவிட்டு, நீல பீப்பாய்களில் சாமானை அடைத்து அனுப்பிவிட்டு, பின்னாலேயே தானும் வந்து இறங்கியவள். ஏற்றுமதி வேலை இப்போது அவள் கையில், சம்பளத்துக்குத்தான், தொழிற்சாலையில் பங்கு கிடையாது.

ஈஸ்டர் விருந்தில் எல்லோர் முன்னாலும் அந்த மார்வா சொன்ன வார்த்தை டெஸ்ரின் காதில் இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தது. "மரம் கொட்டாவி விடற வரைக்கும் காத்துட்டிருந்தா, அண்ணி, வியாபாரம் தூங்கிடும்." எல்லோரும் சிரித்தார்கள். டெஸ்ரின் சிரிக்கவில்லை. சிரிக்காததை ஞாபகம் வைத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் மழையும் ஏமாற்றிவிட்டது. பழங்கள் மரத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு தொங்கின. பொறுமை இல்லாதவர்களுக்கு அது கெட்ட காலம்.

ஆய்வுக்கூடத்துச் செய்தி வந்த நேரம் மார்வா கிங்ஸ்டன் துறைமுகத்தில் இருந்தாள். டெஸ்ரின் உடனே எல்லோரையும் கூப்பிட்டுக் கறாராகச் சொன்னாள். "அவளுக்கு யாரும் போன் பண்ணக்கூடாது. வாயைத் திறக்கக்கூடாது. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து நிக்கும்போது அவ மூஞ்சி எப்படிப் போகுதுன்னு நான் பாக்கணும்."

அவள் கணவன், தொழிற்சாலை முதலாளி கார்னெட், உடனே சரி என்றான். தங்கை என்றால் வரிந்துகட்டிக்கொண்டு வருகிறவன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. டெஸ்ரினுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாகக்கூட இருந்தது.

இது முன்கதை. இனி செவ்வாய்க்கிழமை.

வாசலில் பெண்கள் ஒவ்வொருவராகப் பையைத் திறந்து நசுங்கின டின்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும், நசுங்கியதால் விற்க முடியாத டின்களை வேலைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் பங்கு போட்டுக்கொள்வது மாமனார் காலத்து வழக்கம். மூடியின் மேல், அடைத்த கிழமையைக் கறுப்பு மையால் எழுதி வைப்பார்கள்.

"இந்தாங்க மிஸ் டி, உங்க டின்னு," என்றாள் இனெஸ். பழம் பிரிக்கும் மேசைப் பெண்களில் மூத்தவள், வாயிலும் மூத்தவள்.

"ஏதாவது சாப்பிட்டியா?"

"சனிக்கிழமை ஒண்ணு சாப்பிட்டோம். செவ்வாய்க்கிழமை டின்னு. என் வீட்டுக்காரர் ரெண்டு தட்டு தின்னாரு. குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்காரு. எனக்கு அவ்வளவு சீக்கிரம் விடிவுகாலம் வந்துடுமா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். டெஸ்ரின் மனசுக்குள் செவ்வாய்க்கிழமையை அடித்தாள். பாக்கி இரண்டு. வியாழக்கிழமை லாரிகளை அவளே நின்று பார்த்தாள். அப்படியானால் பாக்கி ஒன்று.

"மார்வா எங்கே? இன்னும் காணோமே?"

"வரும்போது ஜன்னல் வழியா கூப்பிட்டாங்க. வயித்துவலியாம். இன்னிக்கு வரலைன்னு சொல்லச் சொன்னாங்க."

"இன்னிக்குப் பாத்தா வயித்துவலி?"

"அதான் நானும் நினைச்சேன்," என்றாள் இனெஸ்.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? டெஸ்ரினுக்குச் சந்தேகம் போய், சந்தோஷம் மாதிரி ஒன்று வந்தது. தான் நினைத்தது சரி என்று தெரியும்போது வருமே, அந்தக் கெட்ட சந்தோஷம்.

ஒன்பது மணிக்கு ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் மிஸ் வெடர்பர்ன் ஒல்லியான பெண்மணி. தலைக்கு வலைத்தொப்பி, வெள்ளைக் கோட், காலுக்குத் தன் சொந்த பூட்ஸ். இளநீர் வெட்டி நீட்டினால் வாங்கமாட்டாள். "ஒரு இடத்துல குடிச்சா அடுத்த இடத்துல என் நாக்கு ஒழுங்கா பேசாது," என்பாள். கை கழுவும் இடத்தில் சோப்பை மோந்து பார்த்தாள். வடிகால் மூடியைக் காலால் தட்டிப் பார்த்தாள். பிரிக்கும் மேசையில் ஒரு பெண்ணின் கையிலிருந்த சதையைப் புரட்டி, இடுக்கில் இருக்கும் சிவப்பு நரம்பு ஒழுங்காக எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றிலும் குறை சொல்லவில்லை. பாராட்டவும் இல்லை.

கார்னெட் அவள் பின்னாலேயே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தான். பெரிய உடம்புக்காரன், அன்றைக்கு என்னவோ சின்னதாகத் தெரிந்தான். இருபது வருஷம் கட்டிக்காத்த தொழிற்சாலை ஆயிற்றே, பாவம் என்று நினைத்தாள் டெஸ்ரின்.

"பின்னால அந்தத் தகரக் கொட்டகை என்ன?" என்றாள் மிஸ் வெடர்பர்ன்.

"அது ஒண்ணுமில்லைங்க," என்றான் கார்னெட். "என் தங்கச்சியோட பீப்பாயெல்லாம் போட்டு வச்சிருக்கு. கனடாவிலேர்ந்து வந்தது. துணிமணி, பாத்திரம்..."

"திறங்க."

"சாவி அவகிட்ட இருக்கு."

"அப்போ உடைங்க."

மெக்கானிக் வந்து சுத்தியால் இரண்டு போடு போட்டான். கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்த மாதிரி வெக்கை வந்து முகத்தில் அடித்தது. மூன்று நீல பீப்பாய்கள் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருந்தன. நடுவில் தார்ப்பாய். அதை மிஸ் வெடர்பர்ன் பூட்ஸ் நுனியால் விலக்கினாள்.

அடியில் சிவப்புத் தோல்கள். அள்ளினது போக மிச்சம். சில பழங்கள் முழுசாகவே கிடந்தன, பாதிதான் பிளந்திருந்தன. ஓரம் சுருங்கி, உள்ளே விதை வெளிறிப்போய், சின்னதாய்.

டெஸ்ரின் குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தாள். இந்தத் தொழிற்சாலையில், தன் மூக்குக்குக் கீழே!

"பச்சையாப் பறிச்சு, மூடிப் போட்டு, வெக்கையில பிளக்க வச்சிருக்காங்க," என்றாள் மிஸ் வெடர்பர்ன். "மரத்துல வாய் திறந்தா, விஷம் இறங்கிடுச்சுன்னு அர்த்தம். கொட்டகையில வாய் திறந்தா, வெக்கை தாங்கலைன்னு மட்டும்தான் அர்த்தம். உரிச்சு நல்ல பழத்தோட கலந்துட்டா, மிஸஸ் பின்னாக், உங்க கண்ணும் கண்டுபிடிக்காது, என் கண்ணும் கண்டுபிடிக்காது."

"நான் வாசல்ல ஒவ்வொரு கூடையா பாத்துத்தான்..."

"வாசல் வழியா வந்ததைப் பாத்தீங்க. இது வாசல் வழியா வரலை."

அலுவலக அறைக்குத் திரும்பியதும் அவள் உட்காராமலே சொன்னாள். "நாலு மணிக்கு என் அறிக்கை போகணும். எப்படி நடந்ததுன்னு பாத்துட்டேன். யாருன்னு நீங்க சொல்லணும். வேலை பாக்கிறவங்க யாரோ திருட்டுத்தனமா பண்ணியிருந்தா, அந்த ஆளை நிறுத்துங்க, சரக்கை அழிங்க, மறுபடி சோதனை பண்ணித் திறந்துக்கலாம். ஆனா முதலாளிக்குத் தெரிஞ்சு நடந்திருந்தா, இந்தப் பேரு இனிமே ஏற்றுமதிப் பட்டியல்ல இருக்காது. அப்புறம் மூடவேண்டியதுதான். யாருன்னே தெரியாதுன்னு சொன்னாலும் அதேதான். வீட்டைக் காக்கத் தெரியாதவங்க கையில நான் அடுத்தவங்க உயிரைக் குடுக்க முடியாது."

சொல்லிவிட்டு, தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போனாள்.

அறையில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்.

"உன் தங்கச்சிதான்," என்றாள் டெஸ்ரின்.

கார்னெட் தொப்பியின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நிமிண்டிக்கொண்டிருந்தான்.

"கொட்டகை அவளோடது. சாவி அவளோடது. புதன்கிழமை வாசல்ல நின்னவ அவ. இன்னிக்கு வயித்துவலின்னு படுத்திருக்கறவளும் அவதான். இன்னும் என்ன வேணும் உனக்கு? எழுதிக் குடுக்கணுமா?"

"அவ பண்ணியிருந்தாலும் கெட்ட எண்ணத்துல பண்ணியிருக்க மாட்டா, டெஸ்."

"நல்ல எண்ணத்துல விஷம் வைக்கிறவங்களை நான் பாத்ததில்லை, கார்னெட்! வெளியில மேசையில நிக்கிற பொம்பளைங்களைப் பாத்தியா? ஒருத்தி ரெண்டு பேரா? தொழிற்சாலை மூடினா அவங்க எங்க போவாங்க? நான் அவ பேரைச் சொல்லத்தான் போறேன்."

அவன் சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தாள். வரட்டும் என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு தயாராக நின்றாள்.

"உனக்கு எது சரின்னு படுதோ, அதைச் செய்," என்றான் அவன்.

கல்யாணமான இத்தனை வருஷத்தில், தங்கைக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் அவன் இப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. கடைசியில் தன் பக்கம் வந்து நின்றுவிட்டான் என்று டெஸ்ரினுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் தோளை ஒரு முறை தொட்டுவிட்டு வெளியே போனாள்.

தொட்டிக்குப் பக்கத்தில், வெயிலில் நின்றுகொண்டு, அந்தப் பெயரைச் சொன்னாள். மார்வா பின்னாக். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகும் என்று நினைத்தாள். லேசாகவில்லை.

"அவங்க என்ன சொல்றாங்கன்னும் நான் கேக்கணும்," என்றாள் மிஸ் வெடர்பர்ன். "கூட்டிட்டு வாங்க."

மார்வாவின் வீடு திருப்பத்துக்கு அந்தப் பக்கம்தான், பொடிநடையில் போய்விடலாம். போகிற வழி முழுக்க டெஸ்ரின் வசனத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். முதல் வார்த்தையிலேயே அவளைப் பேசவிடாமல் அடித்துவிட வேண்டும். டொராண்டோ நாக்கு, சந்து கிடைத்தால் நுழைந்துவிடும்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"போதும் எழுந்திரு மார்வா! நடிச்சது போதும்!"

படுக்கை அறையில் ஒரு வாளி. வாந்தி நாற்றம். மார்வா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் ஒரு குவளை செரசீ என்கிற காட்டுப் பாகல் இலைக் கசாயம், குடிக்காமல் ஆறிப்போயிருந்தது.

"கொட்டகையை உடைச்சுட்டோம். எல்லாம் தெரிஞ்சுபோச்சு. சாவி எங்கே?"

"சாவியா..." மார்வா திரும்பினாள். முகம் வெளிறிப்போய், நெற்றியெல்லாம் வேர்வை. "சாவி அண்ணன்கிட்ட... அண்ணன் வாங்கிட்டுப் போயி நாளாச்சே."

"எவ்வளவு சுலபமா இன்னொருத்தர் தலையில கட்டறே! அதுவும் கூடப்பிறந்தவன் தலையில!"

"அண்ணி... எனக்கு முடியலை. விடிகாலையிலேர்ந்து எடுத்துட்டே இருக்கேன். கை ஜில்லுனு ஆயிடுச்சு. உங்க குரல் எங்கேயோ தூரத்துல கேக்கற மாதிரி இருக்கு."

டெஸ்ரின் அவள் கையைப் பிடித்தாள். சோதித்துப் பார்க்கத்தான் பிடித்தாள். நடிக்கிறவள் கை இப்படிக் குளிர்ந்து கிடக்காது.

"நேத்து என்ன சாப்பிட்டே?"

"துறைமுகத்துல பூரா பட்டினி. வந்து இறங்கினப்போ கடையெல்லாம் மூடிட்டாங்க. ஒரு டின்னு... உப்பு மீன் போட்டு வதக்கி..."

டெஸ்ரின் சமையலறைக்கு ஓடினாள். அடுப்பு மேடையில் வாணலி. அடியில் ஒட்டிக்கொண்டிருந்த மஞ்சள் சதை. பக்கத்தில் மூடி மடக்கிய ஒரு நசுங்கின டின்.

விஷம் என்று தெரிந்தவள் இதைத் தின்பாளா? உலகத்தில் எந்த முட்டாளாவது தான் வைத்த விஷத்தைத் தானே வதக்கி, மிளகாய் நறுக்கிப் போட்டு, உட்கார்ந்து தின்பாளா?

கை தானாக வேலை செய்தது. பழுப்புச் சர்க்கரையை அள்ளித் தண்ணீரில் கொட்டிக் கலக்கினாள். அக்கீ விஷம் உடம்பிலிருக்கும் சர்க்கரையைத்தான் முதலில் தின்னும் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மார்வாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள்.

"குடி. துப்பாதே. குடிடீ, என் கண்ணு!"

'என் கண்ணு' என்று நாத்தனாரை அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மார்வா அந்த நிலையிலும் லேசாகச் சிரித்தாள்.

"டின்னு எங்கேர்ந்து எடுத்தே? நசுங்கின டின்னைத்தான் நீ கையால தொடமாட்டியே?"

"அண்ணன் அலமாரியில இருந்தது. ஆபீஸ்ல. எண்ணெய் கேனுக்குப் பின்னால. பசி, அண்ணி. எடுத்துட்டு வந்துட்டேன்." அவளுக்கு நாக்கு குழறியது. "என்ன, டின்னு கெட்டதா? நேத்து எனக்கு யாருமே ஒண்ணும் சொல்லலையே?"

டெஸ்ரினுக்கு யாரோ மார்பில் உதைத்த மாதிரி இருந்தது.

இனெஸுக்குச் சொன்னாள். மெக்கானிக்குக்குச் சொன்னாள். வாசல் கூட்டுகிறவளுக்குக்கூட, "டின்னைத் தொடாதே, திருப்பிக் கொண்டு வா," என்று சொன்னாள். இவள் ஒருத்திக்கு மட்டும் சொல்லவிடவில்லை. இவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும் என்றாளே, இதோ பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

போனை எடுத்துக் கார்னெட்டைக் கூப்பிட்டாள்.

"வண்டியை எடுத்துட்டு உடனே வா. மார்வா நசுங்கின டின்னைச் சாப்பிட்டிருக்கா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"ஐயோ!" கார்னெட்டின் குரல் கிழிந்தது. "வியாழக்கிழமை டின்னா? டெஸ், சொல்லு, வியாழக்கிழமை டின்னா?"

"வா சீக்கிரம்," என்று வைத்துவிட்டாள்.

வைத்த பிறகுதான் அந்த வார்த்தை உள்ளே இறங்கியது.

வியாழக்கிழமை.

காலையிலிருந்து இந்தத் தொழிற்சாலையில் ஒருவர் வாயிலும் வியாழக்கிழமை வரவில்லை. அவளே புதன்கிழமையைத்தான் துவைத்துக் காயப்போட்டாள். ஆய்வுக்கூடத்துக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. டெஸ்ரினுக்குத் தெரியாது.

சமையலறைக்குப் போய் அந்த மூடியை நிமிர்த்திப் பார்த்தாள். கறுப்பு மையில் வியாழன் என்று எழுதியிருந்தது. எழுத்து டெஸ்ரினுடையதுதான்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது, கூப்பிடாமலே. ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் ஒரு நசுங்கின டின்னை எடுத்துத் திறக்கப் போனாள். கார்னெட் கையிலிருந்து பிடுங்கினான். "டின்னு சலிச்சுப்போச்சு, டெஸ். கொல்லையில மரத்துல வாய் திறந்தது இருக்கே, அதைச் சமை," என்றான். அவளும் சிரித்துக்கொண்டே கொல்லைக்குப் போனாள். புருஷன் ஆசையாகக் கேட்கிறானே என்று! அது ஞாயிற்றுக்கிழமை. ஆய்வுக்கூடத்துச் செய்தி வந்தது திங்கட்கிழமை.

பிடுங்கின டின்னைத் தூக்கி எறியவும் கை வரவில்லை அவனுக்கு. ஆபீஸுக்குக் கொண்டுபோய் எண்ணெய் கேனுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான்.

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அவள் ஊரெல்லாம் மாட்டைத் தேடியிருக்கிறாள்.

வண்டி வாசலில் வந்து நின்றது. கார்னெட் இறங்கி ஓடிவந்தான். தங்கையைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் தூக்கினான். டெஸ்ரினை அவன் பார்க்கவில்லை. அவள் டின்னையும் மூடியையும் ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, பின் இருக்கையில் ஏறி மார்வாவின் தலையைத் தாங்கிக்கொண்டாள். சர்க்கரைத் தண்ணீர்க் குப்பியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

மலைப் பாதையில் வண்டி பறந்தது.

"ஒரே ஒரு தடவைதான், டெஸ்," என்றான் கார்னெட், சாலையைப் பார்த்துக்கொண்டே. "சத்தியமா ஒரே தடவை. கன்டெய்னர் நிரம்பலை. அங்க ஆள் நெருக்கினான். நல்ல பழத்தோட கலந்தா அளவுக்குள்ள நின்னுடும்னு..."

"எந்த ஆளு?"

அவன் கியரை மாற்றினான்.

"என்னை அவ பேரைச் சொல்ல விட்டியே, கார்னெட். 'உனக்கு எது சரின்னு படுதோ'ன்னு. அப்போ உனக்கு என்ன தோணிச்சு? உன் ரத்தம்தானே அது?"

மடியில் மார்வா முனகினாள். டெஸ்ரின் அவள் வாயில் இன்னும் ஒரு மடக்கு ஊற்றினாள். பாதி உள்ளே போயிற்று, பாதி கழுத்தில் வழிந்தது.

போன் அடித்தது. மிஸ் வெடர்பர்ன்.

"மிஸஸ் பின்னாக், நேரமாச்சு. நீங்க சொன்ன பேரை எழுதிட்டேன். அவங்க வாக்குமூலமும் உங்க கையெழுத்தும்தான் பாக்கி. வர்றீங்களா?"

அந்தப் பெயரை அப்படியே விட்டுவிட்டால் தொழிற்சாலை பிழைத்துவிடும். இனெஸ் பிழைப்பாள். மேசையில் நிற்கிற அத்தனை பேரும் பிழைப்பார்கள். ஏற்றுமதிப் பட்டியலில் பின்னாக் என்கிற பெயர் இருக்கும். அவள் ஒரு வார்த்தை கூடப் பேசவேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

மார்வாவின் குளிர்ந்த விரல்கள் அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டன.

"அந்தப் பேரை அடிச்சுடுங்க," என்றாள் டெஸ்ரின்.

"என்ன?"

"மார்வா இல்லை. அவ அந்தப் பழத்தைச் சாப்பிட்டு என் மடியில கிடக்கா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கோம். நான் சொன்னது தப்பு. அடிச்சுடுங்க."

முன்னால் கார்னெட்டின் கண்கள் கண்ணாடியில் ஏறி அவள் மேல் நின்றன. வேண்டாம் என்று அவன் தலை மெதுவாக ஆடியது.

"அப்போ யாரு பேரை எழுதட்டும்?" என்றாள் மிஸ் வெடர்பர்ன்.

டெஸ்ரின் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஆஸ்பத்திரி வாசல்ல வண்டி நிக்கட்டும், சொல்றேன். இப்ப அவர்தான் ஓட்டிட்டிருக்கார்."